வாதிக்கு ஆட்சேபணை இல்லை

உட்காருங்க அமீனா. சர்வேயர் வராம நீங்க அந்தக் கொட்டகையில கை வைக்க முடியாது. அளந்து குறி போட்டப்புறம்தான் பிரிக்கணும்னு தீர்ப்புலயே இருக்கு, பதினோராம் பக்கம். ஆளுங்க வெளிய நிழல்ல இருக்கட்டும், நீங்க இந்த நாற்காலியில உட்காருங்க. நான் ஜில்லா ஜட்ஜா இருந்தவன்தான், அதுக்காக நீங்க நின்னுக்கிட்டே இருக்கணும்னு இல்லை.

ஜெயிச்சவர் ஏன் சார் இப்படி இருக்கீங்கன்னு வாசல்லயே கேட்டீங்க. தீர்ப்பை நிறைவேத்த வந்த கோர்ட் அமீனாகிட்ட சொல்ற விஷயமான்னு பார்த்தேன். இப்போ தோணுது, உங்ககிட்டதான் சொல்லணும். நீங்கதானே தினம் அந்த முன்சீப் முகத்துல முழிக்கிறீங்க.

கேஸ் உங்களுக்குத் தெரியும். என் வீட்டுக்கும் இந்த சுடலைமுத்து வீட்டுக்கும் நடுவுல ஒரு பாதை. கொல்லைக்குப் போக எனக்கு அது ஒண்ணுதான் வழி. அதுல தகரக் கொட்டகையைப் போட்டு ரெண்டு வண்டியை நிறுத்திட்டான். கேட்டதுக்கு, ரிட்டயராகி உட்கார்ந்திருக்கிறவருக்குக் கொல்லையில என்ன வேலைன்னான். கேஸ் போட்டேன். ஜெயிச்சேன். இன்னைக்கு நீங்க வந்திருக்கீங்க. அதுல எனக்கு ஒரு சொட்டு சந்தோஷம் கிடையாது. ஏன்னா அந்தத் தீர்ப்பை எழுதினது உங்க முன்சீப் முனீஸ்வரி. அவ ஜட்ஜாவே ஆகியிருக்கக் கூடாது.

மூஞ்சியைச் சுளிக்காதீங்க. உங்களுக்கு அவ மேடம். எனக்கு அவ முப்பத்தேழாம் நம்பர்.

நான் மூணு வருஷம் நீதிபதி தேர்வு வாரியத்துக்குத் தலைவரா இருந்தேன், தெரியுமா? தெரிஞ்சிருக்கும். பேப்பர்ல கிழி கிழின்னு கிழிச்சாங்களே. ஆனா அதுக்கு முன்னாடி நான் பண்ணினதை எவனும் எழுதலை. நான் போறப்போ அந்த வாரியம் சந்தைக்கடை மாதிரி கிடந்தது. சிபாரிசு லெட்டருக்குன்னே ஒரு ஃபைல் வச்சிருந்தாங்க. தேதி வாரியா அடுக்கி, நூல் கட்டி. முதல் நாளே அதை எடுத்துப் போட்டுக் கொளுத்தச் சொன்னேன். அடுத்த வாரம் ஒரு பெரிய மனுஷன் வீட்டு ஆள் மாம்பழக் கூடையோட வந்தான். வாசல்லயே திருப்பி அனுப்பினேன். என் கூடப்பிறந்த தம்பி மகன் மனு போட்டிருந்தான். நான் தலைவரா இருக்கிற வரைக்கும் நீ எழுதக் கூடாதுன்னுட்டேன். தம்பி இன்னைக்கு வரைக்கும் என் வீட்டு வாசப்படி மிதிக்கலை. பரவாயில்லைன்னு இருக்கேன்.

நேர்முகத்துக்கு வர்றவங்க பேரு எங்களுக்குத் தெரியாது. நம்பர் மட்டும்தான். அப்பா பேர் கிடையாது, ஊர் கிடையாது, ஜாதி கிடையாது. எழுத்துத் தேர்வுல எத்தனை வாங்கினாங்கங்கிறது கூட எங்களுக்குத் தெரியாதபடி உறை போட்டு ஒட்டி வைக்கச் சொல்லிட்டேன். எல்லாம் நான் கொண்டு வந்தது. இந்த ராஜரத்தினம் கொண்டு வந்தது. இந்த மாதிரி கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டு வேலை பார்த்தவனை நீங்க வேற எங்கயாவது பார்த்திருக்கீங்களா, சொல்லுங்க.

ஒரே ஒரு கேள்வி மட்டும் கேப்பேன், எல்லார்கிட்டயும். யார்கிட்ட ஜூனியரா இருந்தீங்க?

அதுல என்ன தப்பு? டாக்டர்கிட்ட எங்க படிச்சீங்கன்னு கேக்குறதில்லையா? வக்கீலுக்கு சீனியர்தான் எல்லாம். யார் ஆபீஸ்ல கேஸ் கட்டைத் தூக்கினான், யார் திட்டு வாங்கினான், அதுலதான் ஒருத்தனோட தரமே இருக்கு. சென்னையில நாலஞ்சு ஆபீஸ் இருக்கு. அங்கிருந்து வர்றவன் கதவைத் திறந்து உள்ளே வர்ற விதத்துலயே தெரிஞ்சிடும். நானே அப்படி ஒரு ஆபீஸ்ல அஞ்சு வருஷம் இருந்தவன். எனக்குத் தெரியாதா?

நேர்முகத்துல ஒரு நாள் சாப்பாட்டுக்கு அப்புறம் முதல் ஆளா வந்தது முப்பத்தேழு. கும்பிட்டா. உட்காரச் சொன்னேன். யார்கிட்ட ஜூனியர்னு கேட்டேன்.

“கமுதியில இருளாண்டி வக்கீல்கிட்ட சார். ரெண்டு வருஷம் இருந்தேன். அவர் தவறினப்புறம் அவர் கட்டுகளை எல்லாம் நானே நடத்தினேன்.”

“சென்னையில யார் ஆபீஸ்?”

“யார் ஆபீஸ்லயும் இல்லை சார்.”

அதை ஒரு கூச்சத்தோட சொல்லணுமா இல்லையா? மணி என்னன்னு கேட்டா சொல்ற மாதிரி சொல்றா. எட்டு வருஷத்துல இருநூறு கேஸுக்கு மேல தனியா நடத்தியிருக்கேன்னா. நான் நம்பலை. இருபத்தஞ்சு, இருபத்தாறு வயசுலயிருந்து ஒரு பொம்பளைப் பிள்ளை கமுதியில தனியா இருநூறு கேஸ் நடத்துச்சுன்னா யார் நம்புவா? நீங்க நம்புவீங்களா? சரி, நீங்க நம்புவீங்க. உங்க சாப்பாடு அங்க இருக்கு.

என் பக்கத்துல கிளாரான்னு ஒரு அம்மா, சட்டக் கல்லூரிப் பேராசிரியை, வாரியத்துல உறுப்பினர். அவங்க ஏதோ கைநாட்டு வச்ச பத்திரம், சாட்சி மாத்திப் பேசினா என்ன செய்வீங்கன்னு கேட்டாங்க. இவ பதில் சொன்னா. நீளமா, கதை மாதிரி, ஊர்ல நடந்த ஒண்ணைச் சொல்லி. கிளாரா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. எனக்குப் பொறுக்கலை. நடுவுல புகுந்து லத்தீன்ல ஒரு சட்டத் தொடரைச் சொல்லி, இது என்னன்னு கேட்டேன். எங்க ஆபீஸ்ல சேர்ந்த முதல் மாசமே மனப்பாடம் பண்ண வைக்கிறது.

“அந்த வார்த்தை தெரியாது சார். அர்த்தத்தைச் சொன்னீங்கன்னா எந்த மாதிரி வழக்குல வரும்னு சொல்றேன்.”

என்கிட்டயே அர்த்தம் கேக்குறா, பாருங்க. தலைவர்கிட்ட. நீங்க போகலாம்னுட்டேன்.

எங்க வாரியத்துல ஒரு பழக்கம் உண்டு. முதல்ல மூணு பேரும் அவங்கவங்க தாள்ல பென்சில்ல மார்க் போடுவோம். சாயந்திரம் எல்லாரும் உட்கார்ந்து பேசி, ஒத்துப் போனப்புறம் பேனாவுல எழுதி, பென்சிலை அழிச்சிடுவோம். நல்ல பழக்கம். ஒருத்தர் ஒரு மாதிரி, இன்னொருத்தர் ஒரு மாதிரி இருந்தா வெளியில அசிங்கம் இல்லையா? மூணு பேரும் ஒரே மார்க் போட்டிருந்தா அது வாரியத்தோட ஒற்றுமை.

மொத்தம் அறுபது. பதினெட்டு எடுத்தா பாஸ். கிளாரா நாப்பத்தெட்டு போட்டிருந்தாங்க. இன்னொரு உறுப்பினர் நாப்பத்தஞ்சு. நான் பதினேழு. நான் யாரையும் வற்புறுத்தலை, அது என் குணமே இல்லை. “கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க கிளாரா, இந்த நாற்காலிக்கு ஒரு தரம் வேணும்”னேன். அவ்வளவுதான் சொன்னேன். ரப்பரை எடுத்து அவங்க பக்கமா நகர்த்தினேன். அந்த இன்னொருத்தர் உடனே அழிச்சிட்டார், நல்ல மனுஷன். கிளாரா ரப்பரை எடுத்துத் திரும்பக் கீழே வச்சாங்க. அப்புறம் அவங்களும் அழிச்சாங்க. மூணு பேரும் பதினேழு.

முடிஞ்சதுன்னுதான் நினைச்சேன். இவ விடலை. தகவல் உரிமைச் சட்டத்துல மனு போட்டா. யார் யாருக்கு எத்தனை, அவங்க எங்க பிராக்டிஸ், யார் சீனியர், எல்லாம் கேட்டு வாங்கினா. நேர்முகத்துல பாஸானவங்க முப்பத்தொரு பேர். அதுல இருபத்தாறு பேர் அஞ்சே அஞ்சு ஆபீஸ்ல இருந்து வந்தவங்க. இதைப் பெரிய கண்டுபிடிப்புன்னு கோர்ட்டுக்கு எடுத்துட்டுப் போனா. நல்ல ஆபீஸ்ல இருந்து நல்ல ஆளுங்க வர்றாங்க, அதுக்கு நான் என்ன பண்றது? அதுல ஒண்ணு நான் இருந்த ஆபீஸ்னு வேற கண்டுபிடிச்சு எழுதினா. ஆமா, நான் இருந்த ஆபீஸ்தான். நல்ல ஆபீஸ்.

எழுத்துத் தேர்வுல அவ மாநிலத்துலயே மூணாவதாம். அது எனக்கு எப்படித் தெரியும்? தெரியக் கூடாதுன்னு உறை போட்டு ஒட்டினவனே நான்தானே. வயசு வரம்பு அந்த வருஷத்தோட முடியுதாம், இனி எழுதவே முடியாதாம். அதுவும் எனக்குத் தெரியாது. தெரியாம இருந்ததுதானய்யா நேர்மை. அதைக் கேக்க ஒருத்தனுக்கும் காது இல்லை.

ஆனா என்னை உண்மையில கவுத்தது அவ இல்லை. கிளாரா. வருஷக்கணக்கா என்கூட ஒரே மேஜையில உட்கார்ந்து காப்பி குடிச்ச அம்மா. பிரமாண வாக்குமூலம் தாக்கல் பண்ணிட்டாங்க, முதல்ல நாப்பத்தெட்டு போட்டேன், தலைவர் ரப்பரை நகர்த்தினதும் அழிச்சேன், அழிச்சது தப்புன்னு. மேல்கோர்ட்ல அந்தத் தாளை வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்தாங்களாம். பென்சில் அழுத்தின தடம் தெரிஞ்சுதாம். ஒட்டுமொத்தமா நேர்முக மார்க்கை ரத்து பண்ணி, வேற ஆளுங்களை வச்சு மறுபடி நடத்தச் சொன்னாங்க. நான் இருக்கக் கூடாதுன்னு தனியா ஒரு வரி.

ராஜினாமா பண்ணிட்டேன். யாரும் பண்ணச் சொல்லலை. பண்ணலைன்னா சொல்லியிருப்பாங்க. மானம் கப்பலேறிடுச்சு. முப்பத்திரண்டு வருஷம் கைச்சுத்தமா இருந்தவன் நான், அமீனா. ஒருத்தன்கிட்ட ஒரு டீ வாங்கிக் குடிச்சதில்லை. மாம்பழக் கூடை வாங்கினவனெல்லாம் இன்னைக்கு விழாவுல மாலையோட நிக்கிறான். எனக்குக் கல்யாணப் பத்திரிகை கூடத் தபால்ல வருது.

அப்புறம் இந்த ஊருக்கு வந்து உட்கார்ந்தேன். சுடலைமுத்து கொட்டகை போட்டான், கேஸ் போட்டேன், அது பாட்டுக்கு நடந்துக்கிட்டு இருந்தது. பழைய முன்சீப் மாறிப் போனார். புதுசா யார் வர்றாங்கன்னு நான் விசாரிக்கலை. வாய்தா அன்னைக்குக் கோர்ட்டுக்குப் போறேன், மேல பார்க்குறேன், அவ.

நீங்களும் அன்னைக்கு அங்கதான் கதவுகிட்ட நின்னீங்க. ஞாபகம் இருக்கா? என் கேஸைக் கூப்பிட்டதும் பேனாவைக் கீழே வச்சா. ரெண்டு பக்க வக்கீலையும் பார்த்துப் பேசினா. “இந்த வழக்கோட வாதி தலைவரா இருந்த வாரியத்துல நான் நேர்முகத்துல தேறலை. அதை எதிர்த்து வழக்குப் போட்டேன், அவர் அதுக்கப்புறம் பதவி விலகினார். இது ரெண்டு தரப்புக்கும் தெரியணும். யாருக்கு ஆட்சேபணை இருந்தாலும் சொல்லுங்க, மாவட்ட நீதிபதிக்கு எழுதி வேற கோர்ட்டுக்கு மாத்தச் சொல்றேன். காரணம் சொல்ல வேண்டியதில்லை.”

ஒரு ஏற்ற இறக்கம் இல்லை குரல்ல. சுடலைமுத்து வக்கீல் பல்லைக் காட்டிக்கிட்டு எந்திரிச்சான், எங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னான். அவனுக்கென்ன, கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த சந்தோஷம். என் வக்கீல் ரகுநந்தன் என்கிட்ட ஓடி வந்து, “மாத்திடலாம் சார், வாயைத் திறந்து ஒரு வார்த்தை போதும்”னு காதுல சொன்னான்.

வேண்டாம்னேன். ஆட்சேபணை இல்லைன்னு சொல்லுப்பான்னேன்.

ரகுநந்தன் என்னை நிமிர்ந்து பார்த்தான். பெரிய மனசு சார் உங்களுக்குன்னான். பார் அசோசியேஷன்ல எல்லாம் போய்ச் சொல்லியிருக்கான், ராஜரத்தினம் சார் மாதிரி ஒருத்தரைப் பார்க்க முடியாதுன்னு. நானும் ஆமான்னு விட்டுட்டேன்.

பெரிய மனசும் இல்லை, ஒண்ணும் இல்லை. நான் தோக்கணும்னுதான் அப்படிச் சொன்னேன்.

ஏன் அப்படிப் பார்க்குறீங்க? யோசிச்சுப் பாருங்க. அவ கையில நான் மாட்டியிருக்கேன். மனுஷப் பிறவின்னா விடுவாளா? வச்சுச் செய்வா. என் பத்திரத்தை நம்ப மாட்டா, என் சாட்சியை நம்ப மாட்டா, நாலு பக்கத்துல என்னைக் கேவலமா எழுதித் தள்ளுபடி பண்ணுவா. நான் அந்தத் தீர்ப்பை எடுத்துக்கிட்டு நேரா கிளாரா வீட்டுக்குப் போயிருப்பேன். பாருங்கம்மா, நாப்பத்தெட்டு போட்டீங்களே, இதுதான் அந்த நாப்பத்தெட்டுன்னு மேஜையில போட்டிருப்பேன். பாதை போனாப் போகட்டும். கொல்லையில எனக்கென்ன வேலை, சுடலைமுத்து கேட்டது சரிதான்.

ஒரு வாய்தா விடாம போனேன். பத்தொன்பது வாய்தா. முட்டி வலியோட, ஆட்டோ பிடிச்சு. எங்கயாவது ஒரு இடத்துல வழுக்குவான்னு பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். சாட்சிக் கூண்டுல நான் ஏறின அன்னைக்குச் சுடலைமுத்து வக்கீல் என்னைப் பத்தி அந்த வாரிய விஷயத்தை இழுத்தான். “இவர் நேர்மையைப் பத்தி மேல்கோர்ட் என்ன சொல்லியிருக்குன்னு கோர்ட்டாருக்கே தெரியும்”னு இளிச்சுக்கிட்டுச் சொன்னான். நான் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அவளைப் பார்த்தேன். இப்போ வரும், இப்போ சிரிப்பான்னு.

“அது இந்தப் பாதைக்குச் சம்பந்தமில்லை. அடுத்த கேள்வி”ன்னுட்டா.

தீர்ப்பு அன்னைக்கு நான் முன் பெஞ்ச். தயாராத்தான் போனேன். ரகுநந்தன் வாதாடினது எல்லாம் பட்டா அளவை வச்சு. அந்த வாதம் சரியில்லைன்னு முதல் பத்தியிலேயே எழுதிட்டா. எனக்கு உள்ளுக்குள்ள குளிர்ந்தது. வந்துட்டாடா வழிக்குன்னு நினைச்சேன். அடுத்த பக்கம் வாசிக்கிறா, சுடலைமுத்து தாக்கல் பண்ணின அவன் தாத்தா காலத்துக் கிரயப் பத்திரம், அதுல அவன் வீட்டுக்கு மேற்கு எல்லை பொதுப் பாதைன்னு போட்டிருக்காம். அவன் பத்திரத்துலயே. பொடி எழுத்துல, நாலாவது தாள்ல. அவன் வேற எதுக்கோ அதைக் கொடுத்தான். ரகுநந்தன் அதைப் படிக்கவே இல்லை. நல்ல ஆபீஸ்ல இருந்து வந்த பையன்தான், என்னவோ வேலைப் பளு. முப்பத்திரண்டு வருஷம் ஜட்ஜா இருந்த நானும்தான் படிக்கலை. அவ படிச்சிருக்கா.

வழக்கு எனக்குத் தீர்ப்பாச்சு. ரகுநந்தன் கையைப் பிடிச்சுக் குலுக்குறான். நான் கேட்டேன், இதுக்கு அப்பீல் போகலாமாப்பா? அவன் ஒரு மாதிரி பார்த்தான். “சார், நீங்க ஜெயிச்சிருக்கீங்க. ஜெயிச்சவங்க எதை எதிர்த்து அப்பீல் போறது?”

அந்தத் தீர்ப்பை வீட்டுல வச்சு வரி வரியாப் படிச்சேன். ஒரு தப்பு கிடைக்கட்டும்னுதான். எட்டாம் பக்கத்துல ஒண்ணு எழுதியிருக்கா. இருங்க, படிக்கவே வேண்டாம், எனக்கு மனப்பாடம். ‘வாதி முதியவர். குறுக்கு விசாரணையில் தமக்குச் சாதகமில்லாத விவரங்களையும் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். அவர் உண்மை பேசுகிறார் என்றே இந்த நீதிமன்றம் நம்புகிறது.’

நம்புதாம். என்னைப் பத்தி இத்தனை வருஷத்துல ஒருத்தனும் அப்படி ஒரு வரி எழுதலை, அமீனா. கூட இருந்தவன் எழுதலை, நான் பொறுக்கி எடுத்து ஜட்ஜாக்கின ஒருத்தன் கூட எழுதலை. இவ எழுதியிருக்கா. எந்த முகத்தோட நான் இதை வாங்கிக்கிறது?

ஆமா, நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு தெரியுது. இருநூறு கேஸ் நடத்தினேன்னு சொன்னப்போ அவளை நான் நம்பினேனான்னுதானே? அதைக் கேக்காதீங்க.

சர்வேயர் வந்துட்டாரா? அதோ, சங்கிலியை எடுக்குறார். இருங்க, எந்திரிக்காதீங்க. ஒண்ணு கேக்குறேன். எனக்கு இந்தத் தீர்ப்பு வேண்டாம், கொட்டகை இருந்துட்டுப் போகட்டும்னு இப்பவே எழுதிக் கொடுத்துட்டா? நீங்க ஆளுங்களைக் கூட்டிக்கிட்டுப் போயிடுவீங்களா?

போயிடுவீங்க. சரி. எழுதிக் கொடுத்தா தீர்ப்பு என்னாகும்?

அப்படியே நிக்குமா. நான் விட்டுக்கொடுத்ததா மட்டும் ஃபைல்ல ஏறும். அவ எழுதினதுல ஒரு எழுத்து மாறாது, பாதைதான் எனக்குப் போகும். சுடலைமுத்து வேற வந்து என் காலைத் தொட்டுக் கும்பிடுவான்.

அப்போ பிரிக்கச் சொல்லுங்க.

இல்லை, நான் உள்ளே போறேன். நீங்களே பார்த்து முடிங்க. என்ன? வாதி முன்னிலையிலா? வாதி கூடவே நின்னு, சரியா எடுத்தாச்சுன்னு பார்த்துக் கையெழுத்துப் போடணும்னு உங்க கையில இருக்கிற உத்தரவுல எழுதியிருக்காளா?

எந்தப் பக்கம்?

சரி, வர்றேன். கையைக் கொடுங்க, முட்டி பிடிச்சுக்கிச்சு. எங்கய்யா நிக்கணும் நான்?